நானூற்றுப் பன்னிரண்டு

என் மகள் பவானி அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாட்கள் இருந்தாள். யாராவது விசாரித்தால், "சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது என் வழக்கம். கேட்பவர்களும் அதற்கு மேல் துருவ மாட்டார்கள். சர்க்கரை ஏன் இறங்கியது என்பது, எனக்குத் தெரிந்தவர்களில் என்னைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அங்கிருந்த டாக்டர் அம்மா, இன்னொருவர் என் மனைவி மாலதி. இப்போது சர்க்கரை பார்க்கும் கையடக்கக் கருவியை மாம்பலத்து மருந்துக் கடைகளிலேயே கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள். பிள்ளைக்காக அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கிறது. அது முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் வேலை மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது. ரத்தத்தை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் எண்களாக அச்சடித்துத் தள்ளும் கருவிகள் லேப்களில் இருக்குமே, அவற்றுக்கு ஏதாவது வந்தால் எங்கள் கம்பெனிக்குப் போன் வரும். நான் ஸ்கூட்டரில் பெட்டியை மாட்டிக்கொண்டு போவேன். இருபது வருடத்தில் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான். கருவியைப் பற்றி ஆட்கள் சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது. "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா நின்னுபோச்சு" என்பார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே காபி கொட்டியிருக்கும். தி. நகரில் ஒரு லேபில் பிஸ்கட் தூளும், அதைத் தின்ன வந்து செத்துப்போன கரப்பான்பூச்சியும் இருந்தன. அங்கே வேலை பார்த்த பெண் அப்போதும் "எனக்குத் தெரியாது சார்" என்றுதான் சொன்னாள். நான் கரப்பானைக் காகிதத்தில் வைத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் அழுதுவிட்டாள். எனக்கு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. அப்படிப்பட்ட ஆள் நான்.

பவானிக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. இனிப்புத் தின்று வருகிற நோயல்ல இது. உடம்பே தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடும். பெரும்பாலும் சின்ன வயதில் வருவது. ஆறாம் வகுப்பில் இருந்தவள் ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமாகி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எங்கள் தெரு டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "ஆயுசு முழுக்க ஊசிதான்" என்றார். அன்று சாயங்காலம் மாலதி சர்க்கரை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத காபி.

காலையும் மாலையும் ஊசி. இன்சுலினில் கலங்கலாக இருப்பது மெல்ல, நீண்ட நேரத்துக்கு வேலை செய்யும். தண்ணீர் போலத் தெளிவாக இருப்பது சீக்கிரமே சர்க்கரையை இறக்கும். இரண்டையும் எவ்வளவு சேர்ப்பது என்பது அந்த நேரத்துச் சர்க்கரையைப் பார்த்துத்தான். கூடப் போட்டுவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். மூளைக்கு வேறு சாப்பாடு கிடையாது, அது பட்டினி கிடந்து மயங்கும், அப்படியே விட்டால் கெட்டுப்போகும். இதெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அவளுக்குப் பதினாலு வயது நடக்கும்போது, கம்பெனி மூலமாகச் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கருவி கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும். கூடவே பிளாஸ்டிக் பட்டைகள் ஒரு டப்பா. பட்டையின் நுனியில் ஒரு நொதியைக் காயவைத்து ஒட்டியிருப்பார்கள். உயிருள்ள பூஞ்சையிலிருந்து எடுத்த பொருள் அது. ஒரு சொட்டு ரத்தம் பட்டதும் விழித்துக்கொண்டு, அதிலுள்ள குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து உடைக்கும். உடைக்கும்போது வெளிவரும் எலெக்ட்ரான்கள் பட்டையில் உள்ள மெல்லிய தடத்தின் வழியே கருவிக்குள் ஓடும். கருவி அந்தத் துளியூண்டு மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டும். நான் இதை ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பவானிக்கு விளக்கினேன்.

"அப்ப இதுக்கு உசுரு இருக்குங்கறியாப்பா?"

"பாதி உசுரு, பாதி கரன்ட்."

"நம்ம வீட்டு கிரைண்டரைவிடப் பரவாயில்ல" என்றாள்.

அடுத்த வருடம் கிண்டிப் பக்கம் நடந்த ஒரு கருத்தரங்குக்குக் கம்பெனி என்னை அனுப்பியது. பயோசிப் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். நகத்தளவு கண்ணாடிச் சில்லில் உயிர்ப்பொருளைப் பொட்டுப் பொட்டாக வைத்து, எந்தக் கிருமி, எந்தப் பரம்பரை நோய் என்று ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரே மூச்சில் பார்த்துவிடலாமாம். காது கேளாதவருக்கு நரம்போடு நேரே பேசுகிற கருவி உள்ளே வைக்கலாமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறொன்றுக்கு. தோலுக்கு அடியில் ஒரு சிப் புதைத்துவிட்டால், அது நிமிடத்துக்கு நிமிடம் சர்க்கரையை அளந்து, வேண்டிய இன்சுலினைத் தானே செலுத்தும் காலம் வரும் என்று ஒருவர் பேசினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்.

பவானி கேட்டாள், "அப்ப என்ன சாப்ட்டே, எப்ப சாப்ட்டேன்னு என்னைக் கேக்கவே மாட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? சிப்பே சொல்லிடும்."

"அப்ப நான் எதுக்கு? நீயும் சிப்பும் பேசிக்கோங்க."

சமையலறையிலிருந்து மாலதி, "அதுகிட்டயாவது சிடுசிடுன்னு விழாம பேசச் சொல்லு உங்கப்பாவ" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பவானியின் சர்க்கரைக்கு ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஐந்து விதிகள். முதலாவது, கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். இரண்டாவது, நேரம் தவறக் கூடாது. சாயங்காலம் என்றால் ஆறரை, ஆறு முப்பத்தைந்து அல்ல. ஒருமுறை, பத்தாம் வகுப்பில், தோழியின் பிறந்த நாளுக்கு இரண்டு சாக்லெட் தின்றுவிட்டு இல்லையென்று சாதித்தாள். கருவி காட்டிக்கொடுத்தது. அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு தடவைதான். அந்த எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் 'பொய்' என்று எழுதிவைத்தேன். பெற்ற பிள்ளையின் நோட்டில் அப்படி எழுதியிருக்கிறேன்.

அவளுடைய பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பங்குனித் திருவிழா வந்தது. எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அறுபத்துமூவர் வீதி வலம் வரும் அன்று வெயிலில் வரும் கூட்டத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் மாடவீதி முனையில் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார்கள். அந்த வருடம் பவானியும் போக வேண்டும் என்றாள். நான் யோசித்தேன். மாலதிதான், "போயிட்டு வரட்டுமே, குடுக்கத்தானே போறா, குடிக்கவா போறா" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பின்னால் அவள் தன்னைத் தானே என்ன பாடு படுத்திக்கொண்டாள் என்பதைச் சொல்கிறேன்.

மதியம் முழுக்கப் பவானி அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து வெல்லத்தை உதிர்த்திருக்கிறாள், கையாலேயே கரைத்திருக்கிறாள், டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போது முகமெல்லாம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தாள். மணி ஆறு இருபத்தெட்டு. நான் மேஜை மேல் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அப்பா, ஒரே நிமிஷம். கைகால் கழுவிட்டு வந்துடறேன்."

"மணி பாத்தியா? முதல்ல டெஸ்ட், அப்புறம் சாவகாசமா குளி."

துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பேனா போன்ற ஒன்றில் ஊசி இருக்கும். அதை விரலில் வைத்து அவளேதான் அழுத்திக்கொள்வாள். சொட்டைப் பட்டையில் வைத்தாள். கருவி முப்பதிலிருந்து கீழே எண்ணி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

"எவ்வளவு குடிச்சே?"

"ஒரு சொட்டுகூட குடிக்கலப்பா."

"சுக்கு சரியா இருக்கா, ஏலக்காய் சரியா இருக்கான்னு பாத்திருப்பே."

"நாக்குலகூட வெக்கலப்பா. பந்தல்ல இருந்தவங்கதான் பாத்தாங்க. வேணும்னா போய்க் கேளு."

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"இன்னொரு தடவ பாருப்பா. ப்ளீஸ்பா."

"பட்டை என்ன நம்ம தெருமுனைக் கடையிலயா விக்குது? மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது பவானி. உனக்குத்தான் தெரியும்."

மாலதி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். பவானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவானி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கத்தாமல், மெல்ல, "நான் குடிக்கலப்பா" என்றாள். அது மூன்றாவது தடவை. வழக்கமான அளவோடு தெளிந்த இன்சுலின் பத்து யூனிட் கூட்டி நான் ஊசி போட்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

குளித்துவிட்டு வந்து நேரே போய்ப் படுத்துக்கொண்டாள். மாலதி தட்டில் இட்லியோடு போய்க் கூப்பிட்டதற்கு, "நான்தான் வயிறு முட்டக் குடிச்சிருக்கேனே, எனக்கு எதுக்குச் சாப்பாடு" என்றாள். மாலதி திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விடு. நானூறுக்கு மேல இருக்கு. ஒரு வேளை சாப்பிடாட்டி ஒண்ணும் ஆகாது" என்றேன்.

காலையில் பால் வாங்கிவிட்டு வந்து மாலதி எழுப்பினாள். பவானியின் உடம்பும் தலையணையும் தொப்பலாக நனைந்திருந்தன. பல் கிட்டித்திருந்தது. கண் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. விரலைக் குத்திப் பார்த்தேன். கருவி எண்ணே காட்டவில்லை, அளக்க முடியாத அளவு குறைவு என்பதற்கான இரண்டு எழுத்துகளைக் காட்டியது. குளுக்கோஸ் பொடியைக் கன்னத்துக்குள் தேய்த்தேன், ஒழுகி வந்துவிட்டது. ஆட்டோவில் அவள் தலை மாலதி மடியில், கால் என் மடியில். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும்போது வலிப்பு வந்தது. காலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களிலேயே சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. அவள் வரவில்லை. டாக்டர் அம்மா ஐம்பது வயதுக்காரர், சுற்றி வளைத்துப் பேசாதவர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முடிக்கு நடுவே நிறைய ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைக் காகிதத்தில் வரைந்து பார்த்தார்கள். அலைகள் இருக்க வேண்டிய வேகத்தில் இல்லை, சோம்பலாக ஓடின. "மூளை ரொம்ப நேரம் சர்க்கரை இல்லாம இருந்திருக்கு. வீங்கியிருக்கு. வீக்கத்துக்கு மருந்து குடுக்கறோம். எப்ப முழிப்பா, எப்படி முழிப்பான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகு, "ராத்திரி எவ்வளவு இன்சுலின் போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சர்க்கரை எவ்வளவு இருந்தது?" சொன்னேன். எழுதிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். மீதி நேரமெல்லாம் கதவு திறக்கும்போது எழுந்து நிற்பது, நமக்கில்லை என்று தெரிந்து உட்காருவது. எங்கள் தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு டிபன் கேரியர் கொண்டுவந்தார்கள். யாரும் கேட்டுச் செய்யவில்லை, யாருடைய கேரியர் என்றுகூடச் சில நாள் தெரியாது. காலியான பாத்திரத்தைக் கழுவி நாற்காலிக்கு அடியில் வைத்தால் மறுநாள் அது போய் வேறொன்று வந்திருக்கும். அந்தக் குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. நானெல்லாம் சாப்பிட்டேன் என்பதே வெட்கமாக இருக்கிறது.

மாலதி சாப்பிடவில்லை. ஒரே புலம்பல்தான். "நான்தாங்க அனுப்பினேன். நான் வேணாம்னு சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டா. ஒரு டம்ளர் பானகத்துக்கா எம்பொண்ணு இப்படிக் கெடக்கறா?" நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

உள்ளே அஞ்சலை என்ற ஆயா இருந்தாள். ஊரூர் குப்பத்துக்காரி. ஐந்து நிமிடமும் நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மரமாட்டம் நின்னுகினு கீற? எதுனா பேசு. கொயந்தைக்குக் காது கேக்கும்" என்றாள். சர்க்கரையைத் தவிர வேறு எதையாவது பற்றி நான் பவானியிடம் பேசி எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

நான்காம் நாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் எல்லாம் அப்படியே கிடந்தன, கருவி, பட்டை டப்பா, நோட்டு. ஜன்னலிலிருந்து சுவரோடு இறங்கி மேஜைக் காலில் ஏறி ஒரு எறும்புச் சாரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சர்க்கரையே கிடையாது, எறும்பு வருவது அபூர்வம். எதற்குப் போகின்றன என்று பார்த்தேன். ஊசிப் பேனாவை மொய்த்திருந்தன. அவள் பிடித்து அழுத்தும் இடத்தில், கருவியில் அவள் விரல் பட்ட ஓரத்தில், கறுப்பாக அப்பிக்கொண்டு.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். வெல்லத்திலும் குளுக்கோஸ் இருக்கிறது. அந்த நொதிக்கு குளுக்கோஸைத்தான் தெரியும். அது ரத்தத்திலிருந்து வந்ததா, விரலில் ஒட்டியிருந்த பிசுக்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. என் நோட்டில் முதல் விதியே அதுதான். அதைச் செய்யத்தான் அவள் ஒரு நிமிடம் கேட்டாள்.

இருந்தாலும் என் புத்தி என்னை விடவில்லை, நிரூபணம் கேட்டது. பக்கத்து வீட்டில் ஒரு துண்டு வெல்லம் வாங்கி வந்தேன். கையைக் கழுவித் துடைத்து என் விரலைக் குத்திப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு. இன்னொரு விரலில் வெல்லத் தண்ணீரைத் தொட்டு, சட்டையில் துடைத்துவிட்டு, குத்தினேன். முந்நூற்று எழுபத்தாறு. சர்க்கரை நோயே இல்லாத எனக்கு. மகளுக்காக இன்னொரு பட்டை செலவழிக்க மனம் வராதவன், என் குற்றத்தைச் சரிபார்க்க இரண்டு பட்டை செலவழித்தேன். அழுகை வந்தது. எறும்புகள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அன்று மாலை ஐந்து நிமிடத்தில் பவானியின் காதுக்குள் குனிந்து சொன்னேன். "நீ குடிக்கலம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ குடிக்கல." அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அஞ்சலை, "அப்பிடித்தான், பேசிக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். "எனக்கு அப்பவே சந்தேகம். நானூறு இருந்திருந்தா இந்த அளவு இன்சுலினுக்கு இவ்வளவு இறங்காது" என்றார். நான் திட்டுவார் என்று காத்திருந்தேன். "கேஸ் ஷீட்டுல எழுதிக்கறேன். உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லிடுங்க" என்றார்.

சொல்லவில்லை. சொல்லாததற்கு எந்த நல்ல காரணமும் இல்லை, பயம்தான். நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அனுப்பியிருக்கக் கூடாது" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், வாயில் வந்த வார்த்தையை விழுங்கினேன். அடித்துக்கொள்ளும் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு மேல் என் பாவத்தை அவளைச் சுமக்க விட்டேன். நடந்த எல்லாவற்றிலும் கேவலமானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்டாம் நாள் பவானி கண்ணைத் திறந்தாள். திறந்தாளே தவிர பார்க்கவில்லை. விசிறியைப் பார்ப்பது போலவே எங்களையும் பார்த்தாள். பத்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மாலதி கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவாள், பவானி விழுங்குவாள். கூப்பிட்டால் திரும்புவாள். பேச்சில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் நர்ஸ் வழக்கம்போல விரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்தினார். பவானி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிக் கண்டுபிடித்தாள். உதடு அசைந்தது.

"நான்... குடிக்கலப்பா."

மாலதி கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டாள். "பேசிட்டா! என்னங்க, பேசிட்டாங்க!" தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பார்க்க வந்திருந்த அஞ்சலை வாசலிலிருந்து ஓடி வந்து, "தாயி பேசிடுச்சா? ஆத்தா கண்ணு தொறந்துட்டா!" என்று பவானியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். மாலதி அழுதுகொண்டே பவானியின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"குடிச்சா குடிச்சுட்டுப் போடா கண்ணு. அம்மா திட்ட மாட்டேன். அப்பாவும் திட்ட மாட்டாரு. அதையா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கே? போவுது விடு. அம்மா மன்னிச்சுட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. "மாலதி, அவ குடிக்கல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த வார்டில், அத்தனை பேருக்கு நடுவில், எறும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் விரலில் வெல்லத்தைத் தொட்டுப் பார்த்ததையும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

மாலதி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் பவானியின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க மிஷினைப் பாத்தீங்க. நான் அவ மூஞ்சியப் பாத்துட்டுத்தானே நின்னேன்? பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் கேரியரில் எனக்குப் பாதியை எடுத்து வைப்பதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. பவானிக்கு இருபது வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நேரமாகும். பழைய பாட்டெல்லாம் தெரியும், நேற்று நடந்தது தெரியாது. அந்த மே மாதம் பிளஸ் டூ மார்க்ஷீட் வந்தபோது காட்டினேன், நல்ல மார்க். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யாரோடதுப்பா?" என்றாள். பீரோவில் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் தேறும் என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று யாராவது சொன்னால், "சரிம்மா, என்ன நடந்ததுன்னு சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். தி. நகர் லேபுக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடினேன், வேலையை விட்டுப் போய்விட்டாளாம். தோலுக்கடியில் புதைக்கும் சிப் இன்னும் வரவில்லை. வரட்டும், வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. விரல் நுனியில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று அது சரியாகத்தான் சொன்னது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கருவி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: பிள்ளையின் கையைக் கழுவிவிடுங்கள், சந்தேகம் என்றால் இன்னொரு தடவை பாருங்கள், அதற்கும் முன்னால் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

இப்போது டெஸ்டுக்கு முன் நானே ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சோப்பும் கொண்டுபோய், பவானியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி, இடுக்கெல்லாம் துடைத்துவிடுகிறேன். அவளுக்கு அது பிடிக்கும், சிரிப்பாள். அந்த நாளில் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. பந்தல் இல்லை, பானகம் இல்லை, என்னைக் கெஞ்சியது இல்லை. ஆனால் ஊசிப் பேனா 'டிக்' என்றதும் சிரிப்பு நின்றுவிடும்.

"நான் குடிக்கலப்பா" என்பாள்.

"தெரியும்மா" என்பேன்.

நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்ப்பாள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவை.